யானை நின்ற நாளும் வேலை நாள்தான்

பெங்களூர் அலுவலகத்தில் யாருக்காவது பாராட்டு என்று கூட்டிவைத்துக் கைதட்டும்போதெல்லாம், ரஞ்சிதாவின் மனசு ஓசூருக்கு ஓடிவிடும்.

2006இல் மதுரையிலிருந்து ஓசூருக்கு வந்து, கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் பணியாளர் பிரிவில் சேர்ந்திருந்தாள். கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் புதிதாகத் திறந்த கம்பெனிகள் கூடுதல் சம்பளம் சொல்லி ஆட்களை இழுத்துக்கொண்டிருந்த நேரம். போகிறவர்களை நிறுத்துவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. சம்பளத்தில் போட்டி போட முடியாத நிர்வாகம், வருடம் முழுக்க லீவு போடாதவர்களுக்குக் குடும்பத்தோடு மேடையில் மரியாதை என்று அறிவித்தது.

காட்டோர ஊரான ஜவளகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் முனிலட்சுமிக்கு அது நிச்சயம் என்று எல்லாரும் நினைத்தார்கள். விழாவில் அவள் பெயரை வாசிக்கவேயில்லை. மறுநாளே வேலையை விடுவதாக வந்து நின்றாள்.

"அங்கிட்டு சம்பளம் கூடத் தாராங்களா?" என்று கேட்டாள் ரஞ்சிதா.

"சம்பளம் கெடக்குதுங்க மேடம். நடுவுல ஒரு நாளு ரோட்டுல ஆனைங்க நின்னுக்கிச்சு. பஸ்ஸு நவுரவே இல்ல. மொத்தப் பேருக்கும் ஆப்சென்ட் போட்டுட்டாங்க. ஷிப்டுக்கு நேரமாச்சு, வழி உடுன்னா ஆனை கேக்குமா?"

ரஞ்சிதாவுக்குச் சிரிப்பு வந்தது. முனிலட்சுமி சிரிக்கவில்லை.

"மேடையேறோணும்னு எங்க மாமியா புதுப் பொடவை எடுத்துருச்சுங்க. அதுக்கு என்னான்னு சொல்லட்டும்?"

"கொஞ்சம் பொறு. நான் பேசிப் பாக்குறேன்."

மேனேஜர் ஆனந்தராஜ் அசையவில்லை. "இதுக்கு ஒத்துக்கிட்டா நாளைக்கு எல்லாரும் ஆனையத்தாம்மா சொல்லுவாங்க."

நேரிலேயே பார்த்துவிடலாம் என்று ரஞ்சிதா ஜவளகிரிக்கே போய்த் தங்கி, தினமும் அந்த பஸ்ஸில் வேலைக்கு வந்தாள். ஒரு நாள் பனிக்குள்ளிருந்து யானைக் கூட்டம் குட்டியோடு ரோட்டுக்கு வந்து நின்றது. டிரைவர் இஞ்சினை அணைத்தார். மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. பயத்தில் ரஞ்சிதா பிடித்துக்கொண்ட கை முனிலட்சுமியுடையது. கூட்டம் காட்டுக்குள் போன பிறகு எல்லாருக்கும் பேச்சு வந்தது. யாரோ தூக்குச்சட்டியைத் திறந்து புளிச்சோற்றை ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். அவர்கள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ரஞ்சிதாவுக்கும் ஆப்சென்ட்.

ஆனந்தராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார். கம்பெனி பஸ் நின்றால் அது வேலை நாளாகவே கணக்காகும் என்று விதி மாறியது.

விடுபட்டவர்களுக்காகக் கேன்டீனிலேயே இன்னொரு விழா நடந்தது. மாமியார் நாராயணம்மா புதுப் புடவையில் மேடையேறி, மைக்கைப் பிடித்துப் பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக மருமகளைப் பற்றிப் பேசினாள். நிறுத்தவே மனம் வரவில்லை அவளுக்கு. முனிலட்சுமி வெட்கத்தில் தலைகுனிந்து அழுதுகொண்டிருந்தாள். அத்திப்பள்ளிப் பேச்சை அவள் பிறகு எடுக்கவேயில்லை.

இரண்டு வருடம் கழித்து பெங்களூர் வேலை வந்தது. ரஞ்சிதாவுக்கு எல்லாரும் கைகொடுத்து வாழ்த்தினார்கள். முனிலட்சுமி மட்டும் கேட் வரைக்கும் கூடவே வந்தாள்.

"எங்களையெல்லாம் போவாதன்னு நிறுத்துனீங்க. உங்களப் போவாதன்னு சொல்ல ஒருத்தருமே இல்லீங்களா மேடம்?"

ரஞ்சிதா அவள் கையை இறுகப் பிடித்துவிட்டு, பஸ் ஏறினாள்.