அமலதாஸ் உயிரோடு பதிவானார்

பென்ஷன் விதி மாறியபோது அமலதாஸ் வாத்தியார் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆகவே அவருக்கு யாரும் தெரிவிக்கவில்லை. இனிமேல் தபாலில் எதுவும் வராது. பென்ஷன்தாரர் தன் முகத்தைப் போனுக்குக் காட்டினால்தான் விவரம் திறக்கும், மற்றவர் யாருக்கும் சொல்லக்கூடாது. இதுதான் புது விதி.

அவர் மனைவி விக்டோரியா குடும்பப் பென்ஷன் கேட்டு, விஜயநகரிலிருந்து பென்ஷன் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். அது வந்தால்தான் அடுப்பு எரியும்.

"அவரு முகம் காட்டட்டும்மா, விவரம் ஓப்பன் ஆகும்," என்றார் கன்னடக்காரரான குமாஸ்தா நஞ்சுண்டசாமி.

"அவரைப் புதைச்சாச்சு சார்."

"ஹௌது, பாவம். ரூல்ஸ்ல அதுக்கு இடமில்லையே."

கல்லறைத் திருநாள் வந்தது. விக்டோரியா, சிலுவையில் பதித்திருந்த கணவரின் பீங்கான் படத்தைத் துடைத்து, செவ்வந்தி சுற்றி, மெழுகுவர்த்தி ஏற்றினாள். தம்பி டேவிஸுக்குக் குறும்பு அடங்கவில்லை.

"அக்கா, மாமா முகம் இதோ இருக்கே. காட்டிப் பாரேன்."

காட்டினாள். "கண்ணைச் சிமிட்டவும்," என்றது போன்.

படத்தில் அமலதாஸ் கண்ணைச் சிமிட்டினார்.

டேவிஸின் சிரிப்பு பாதியில் நின்றது. காற்றே இல்லை, ஆனாலும் மெழுகுவர்த்திச் சுடர்கள் எல்லாம் போன் பக்கம் சாய்ந்தன.

"நன்றி. தாங்கள் உயிருடன் இருப்பது பதிவாகிவிட்டது."

மறுநாள் நஞ்சுண்டசாமிக்கு ஒரே சந்தோஷம். "உங்க யஜமானரு நல்லா இருக்காரேம்மா! அப்புறம் எதுக்குக் குடும்பப் பென்ஷன்?"

"நான் என் கையால மண்ணு போட்டேன் சார்."

"நீங்க சொன்னா ஆகாதும்மா. அவரு செத்த விஷயத்தை அவருதான் சொல்லணும்."

அன்று உச்சிவெயிலில் விக்டோரியா தனியாகக் கல்லறைக்குப் போனாள். இடப்பக்கம் நகர்ந்தாள், படத்தின் கண்களும் நகர்ந்தன.

"ஏங்க, ஆஸ்பத்திரியில கண்ணைத் திறந்தபடியே போயிட்டீங்க. மூடி விடுங்கன்னு நர்ஸு சொன்னா. எனக்குக் கை வரல. அதுக்காக என்னைப் பட்டினி போடுவீங்களா?"

படத்தின் கண்கள் அவளையே பார்த்தன. உயிரோடு இருந்தபோதும் இப்படிப்பட்ட கேள்விக்கு அவர் பார்த்தது இப்படித்தான்.

அவள் இரண்டு விரலைப் படத்தின்மேல் வைத்தாள். அந்த வெயிலிலும் பீங்கான் சில்லென்றிருந்தது. கீழே இழுத்தபோது இமைமயிர் விரல்நுனியில் உரசியது. இமைகள் கொஞ்சம் முரண்டு பிடித்தன. பிறகு இறங்கிவிட்டன.

போனைப் படத்துக்கு நேரே காட்டினாள். "முகம் காணவில்லை," என்றது போன். சற்று யோசித்து, "ஆழ்ந்த இரங்கல்," என்றது.

குடும்பப் பென்ஷன் ஒரே வாரத்தில் பாஸானது. விக்டோரியாவே இப்போது பென்ஷன்தாரர்; விவரம் பார்க்க அவளே முகம் காட்ட வேண்டும். சமையலறை ஜன்னலோரம் வெளிச்சத்தில் நின்று போனைத் தூக்கினாள்.

"கண்ணைச் சிமிட்டவும்."

மூடினாள். திறக்கப் பார்த்தாள். இமைகளின்மேல் யாரோ சில்லென்று இரண்டு விரல் வைத்திருந்தார்கள்.