சாய்ந்து வந்த ஆர்டர்

எங்கள் மேனேஜர் ஸ்ரீநிவாசராகவனுக்கு ஒரு பித்து. எச்சரிக்கை மெமோ என்றால் ஒரே எழுத்தில்தான் அடிக்க வேண்டும்: தடித்து, வலப்பக்கம் சாய்ந்து, ஆங்கில ஐ-க்கும் எம்-முக்கும் ஒரே அகலம் தரும் எழுத்து. "பார்த்தவுடனே உறைக்கணும் ரமா" என்பார்.

உறைத்தது. 1992-ல், பெருங்களத்தூர் தாண்டியிருந்த எங்கள் கம்பெனியில், இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் அந்தச் சாய்வு தெரியும். லேத் மெஷின் ஓட்டிய ஜெயவேலுவுக்கு அப்படி ஒரு தாள் வந்தது; மறுநாள் அவருக்கு வேலை இல்லை. அடித்துக் கொடுத்த பாவம் என்னுடையது.

கான்டீனில் ஏழு வருஷம் தற்காலிகமாகப் பாத்திரம் கழுவிய எல்லம்மாவை நிரந்தரமாக்கச் சொல்லி முதலாளியிடமிருந்து புதன்கிழமை உத்தரவு வந்தது; ஆர்டரை நான் அடிக்க வேண்டும். வெள்ளி ஐந்து மணிக்குள் எல்லம்மா அதில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. அன்றைக்கென்று பார்த்து பிரிண்டரில் எழுத்து மாற்றும் பொத்தான் சிக்கிக்கொண்டது. எதை அடித்தாலும் தடித்துச் சாய்ந்தே வந்தது. மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவாராம்.

"டைப்ரைட்டர்ல அடிச்சுடறேன் சார்."

"அப்புறம் கம்ப்யூட்டர் எதுக்கு? விஷயம்தானே முக்கியம், எழுத்தா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் எழுத்துதான் முக்கியம் என்று என் உயிரை வாங்கியவர் இவர்! அவரே அந்தத் தாளை உறையில் போட்டு கான்டீனுக்கு அனுப்பிவிட்டார்.

வியாழன் எல்லம்மா வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. போய்ப் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன், மேனேஜர் நாலரைக்குத்தான் விட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் நகரவே இல்லை. தாம்பரத்தில் பஸ் மாறி, படப்பையில் அவர் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தபோது மணி ஏழு.

உறை பிரித்த நிலையில் அலமாரியில் கிடந்தது.

"யார்கிட்டயாவது காட்டிப் படிக்கச் சொல்லக் கூடாதாக்கா?"

"படிக்க இன்னாம்மா கீது? அதான் எல்லாம் சாஞ்சு கீதே. நான் இன்னா தப்பு பண்ணேன்னு ரெண்டு நாளா யோசிச்சிகினு கீறேன்."

"வேலை பர்மனென்ட் ஆயிடுச்சுன்னு போட்டிருக்கு."

எல்லம்மா என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல சேதிய ஏம்மா இப்டி அடிச்ச?"

சனிக்கிழமை அவரைக் கையோடு அழைத்துப்போனேன். மேனேஜர் நிமிரவே இல்லை. "டைம் முடிஞ்சுது. ரூல் இஸ் ரூல்."

திங்கட்கிழமை மெக்கானிக் பொத்தானைச் சரிசெய்தார். எழுத்துகள் சமர்த்தாக நிமிர்ந்து நின்றன. நான் முதலாளிக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன். எல்லம்மாவுக்கு அந்த வேலையைக் கொடுக்க வேண்டும் என்று முடித்தேன். அடிக்கும் முன் வேண்டுமென்றே அந்தச் சாய்வை நானே தேர்ந்தெடுத்தேன், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை.

நகலை ஸ்ரீநிவாசராகவன் மேஜையில் வைத்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடி அதன் கூட்டுக்குள் இருந்தது. அதை எடுத்துப் போட்டுப் படிக்கக்கூட இல்லை, சாய்வைப் பார்த்ததுமே அவர் முகம் வெளுத்துவிட்டது.