சிவப்பு விளக்கில் தீபன்

…இந்த முறையும் போட்டோ கறுத்துப் போகுமோ, போகாது, ஐஸ் போட்டாயிற்று, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் டெவலப்பர் மருந்துத் தட்டில் முட்டி முட்டி மிதக்கிறது, ஈப்போ வெயிலில் குழாய்த் தண்ணீரே சுடுகிறது, அந்தச் சூட்டுக்கு மருந்து தாளைப் பாய்ந்து பிடித்துக் கறுக்க வைத்துவிடுகிறது, காலையிலிருந்து பாழாய்ப் போன தாள்கள் சிங்க்கில் சுருண்டு கிடக்கின்றன... குனோங் ராபாட்டில் இருக்கும் வீட்டின் இந்தக் குளியலறைச் சன்னலைக் கறுப்புக் குப்பைப் பையால் அடைத்து, சிவப்பு விளக்கை மாட்டிவிட்டால் துளசிக்கு வெளியே எதுவும் இல்லை, அவள் வேலை பார்க்கும் பல் கிளினிக் இல்லை, மாமியாரின் போன் இல்லை, அந்தப் புளித்த மருந்து வாடைகூடப் பிடிக்கும், வெள்ளைத் தாளிலிருந்து ஒரு முகம் ஊறி மேலே வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்... ஆனால் இன்றைக்கு அப்படி இருக்க முடியாது, நாளைக் காலை கணவன் தீபன் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறுகிறான், இரண்டு வருட வேலை, அவன் போன பிறகு ஹாலில் மாட்ட இந்த ஒரு படம் வேண்டும், செமோரில் ஒரு கல்யாணத்துக்குப் போன வழியில், அவன் பிறந்த பழைய ரப்பர் தோட்டத்துப் பக்கம் காரை நிறுத்தி எடுத்தது, இப்போது ரப்பருக்குப் பதில் எண்ணெய்ச் செம்பனை நிற்கிற மண்ணில் கைகட்டி நிற்கிறான்...

கதவு தட்டப்பட்டது. "துளசி, இன்னும் எவ்ளோ நேரம்லா? உள்ள பானாஸா இல்லையா, வேர்க்கலயா?" திறந்துவிடப் போகிறான் என்று பதறித் தாள் பெட்டியை மூடினாள், பிறகு ஏனோ, "உள்ள வாங்க, சீக்கிரம் சாத்துங்க" என்றாள், கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவன் இந்தச் சிவப்பு வெளிச்சத்துக்குள் வந்ததே இல்லை, அவள் என்றைக்காவது அழைத்தாளா என்ன, நினைவில்லை... நெகட்டிவ் வழியாகத் தாளில் ஒளியைக் காட்டி மருந்தில் நழுவவிட்டாள், இருவரும் குனிந்தார்கள், அவன் மூச்சு அவள் காதில் பட்டது, முதலில் மரங்கள், சட்டைப் பொத்தான்கள், அப்புறம் நெற்றி, கண்கள்... "அட, நானா?" என்றான் கிசுகிசுப்பாக. கறுக்கவில்லை, சரியாக வந்துவிட்டது, அவள் சந்தோஷப்படுவதற்குள் அந்த நெற்றிச் சுருக்கம் தெளிந்து வந்தது, தொலைந்த பிள்ளை மாதிரி அந்தப் பார்வையும்.

"வெயிலு கண்ணுல அடிச்சிருக்கும்," என்றான் தீபன். வெயிலா, அன்றைக்கு எங்கே வெயில், மழை இருட்டிக்கொண்டு வந்து வெளிச்சம் போதாமல் அல்லவா தவித்தாள்... தாளை ஃபிக்ஸர் தட்டுக்கு மாற்றிக்கொண்டே கேட்டாள், "போறதுக்குப் பயமா இருக்குங்களா?"

அவன் தட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தான். "நீ அவ்ளோ சந்தோசமா இருந்த. நான் என்னா சொல்றது?"

சந்தோஷமாகவா இருந்தாள்... வேலை உறுதியான அன்று பாயசம் வைத்தாள், வீட்டுக் கடன் அடையும், பிள்ளை பிறந்தால் உதவும் என்று எல்லாரிடமும் சொன்னாள், அதெல்லாம் பொய்யில்லை, ஆனால் இந்த அறைக் கதவை இனி யாரும் தட்டமாட்டார்கள் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைத்தாளே, அது அவனுக்கு எப்படித் தெரிந்தது, தெரிந்ததா, இல்லை அவளாக...

"லைட்டப் போடலாமா?" என்றான்.

படம் ஃபிக்ஸரில் எப்போதோ நிலைத்துவிட்டது, எந்த வெளிச்சமும் இனி அதை ஒன்றும் செய்யாது. "இன்னும் கொஞ்ச நேரம்லா," என்றாள் துளசி, விளக்கைப் போட்டால் அவள் முகமும் தெரியும்.