மூச்சுச் சத்தம்

கீதனின் ஒலிப்பதிவுக்கூடம், புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த வெக்ஸ்போர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் இருந்தது. அங்கே விலை கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: மைக். அது கிழமை நாட்களில் கலைக்குச் சேவை செய்தது. சனி ஞாயிறுகளில் செத்தவீடுகளுக்குப் போனது. யாழ்ப்பாணத்திலும் பாரிஸிலும் இருக்கும் சொந்தக்காரருக்கு இறுதிச் சடங்கை நேரலையில் காட்டுவதுதான் கீதனின் உண்மையான தொழில். ப்ளூஸ் என்கிற அமெரிக்கத் துயரப் பாட்டைப் பாட அவனிடம் வந்த ஒரே ஆள் நிலாணி.

நிலாணிக்கு இருபத்திரண்டு வயது. முதல் பாட்டை வெளியிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை. குளிர்காலம் முழுவதும் மிசிசிப்பி ஆற்றைப் பற்றி ஆங்கிலத்தில் பாடினாள். அவள் பார்த்த ஆறு மோர்னிங்சைட் பூங்காவில் ஓடுகிற ஓடை.

"சுருதி பிசகேல்லை. டைமிங்கும் ஓகே," என்றான் கீதன். "ஆனா அயர்ன் பண்ணின சேட்டு மாதிரிக் கிடக்கு. ஒருத்தரும் போட்ட சேட்டு இல்லை."

"இன்னும் ஒருக்கா எடுப்பமா அண்ணா?"

"எடுப்பம். மூச்சு மைக்கில படுது. மூச்சு எடுக்கேக்க முகத்தை அங்கால திருப்பு."

அந்தச் சேட்டுக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தைத் திருப்பத் தெரிந்தது. அதை நன்றாகப் பழகிக்கொண்டாள்.

அவளுடைய அப்பா ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை. விடிய வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றி, மற்றவர்களின் சப்பாத்துகளையும் ஒழுங்காக அடுக்கிவிட்டுத்தான் உள்ளே வருவார். சப்பாத்தோடு வீட்டுக்குள் கால் வைத்தவன் இன்ரநெற் திருத்த வந்தவனாக இருந்தாலும் மன்னிக்க மாட்டார். மகளின் பாட்டில் அவருக்கு ஒரேயொரு சந்தேகம்.

"ஏன் பிள்ளை ஒரே வரியை ரெண்டு தரம் பாடுறாய்?"

"ப்ளூஸ் அப்பிடித்தான் அப்பா. முதல் வரியைத் திருப்பிப் பாடி, மூண்டாவதில பதில் சொல்லோணும்."

"எனக்கு முதல் தரமே கேட்டுது."

பங்குனியில் ஒரு காலை, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் அவருடைய இதயம் நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் பஸ் நேரத்துக்கு வந்தது.

சடங்கை நேரலை செய்யக் கீதன் வந்தான். தேவாரம் பாடுபவருக்காக மைக்கைச் சவப்பெட்டியின் தலைமாட்டில் நிறுத்தினான். ஐயர் கிரியையை முடித்தார். பெட்டியை மூடமுதல் குடும்பம் முகம் பார்க்கும் நேரம் வந்தது. அப்பாவுக்குக் கோட்டு சூட்டு உடுத்தியிருந்தார்கள். காலில் பளபளவென்று சப்பாத்து. அதைக் கண்டதும் நிலாணியின் வாய் தானாகத் திறந்தது.

சப்பாத்தைக் கழட்டாமல் படுத்திட்டீங்கள் அப்பா...
சப்பாத்தைக் கழட்டாமல் படுத்திட்டீங்கள் அப்பா...

மூன்றாவது வரி வரவில்லை.

"பாவம், பிள்ளைக்கு அடுத்த அடி மறந்துபோச்சு," என்றார் பின்னாலிருந்த ஒரு அன்ரி. மண்டபத்துக்கு அடுத்த குடும்பம் வெளியே காத்திருந்ததால் பெட்டியை மூடினார்கள்.

நேரலையின் கீழே பாரிஸிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "ஆழ்ந்த அனுதாபங்கள். பிள்ளையின்ர குரல் சுப்பர்." அதற்குப் பலர் இதயம் போட்டிருந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்தபின் கீதன் அவளை பேஸ்மென்டுக்குக் கூப்பிட்டான். அவனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கொஞ்சம்தான்.

"கோவிக்காத நிலா. நீ செத்தவீட்டில பாடினது, உதுதான் உன்ர முதல் பாட்டு. நான் கிற்றார் போட்டிருக்கிறன். அன்ரிமாற்ர அழுகையை எடுத்தாச்சு. மூண்டாவது வரியை மட்டும் இப்ப பாடித் தா, ரிலீஸ் பண்ணுவம்."

ஹெட்போனைப் போட்டுக் கேட்டாள். நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. இரண்டு வரிகளுக்கும் இடையில் கையை உயர்த்தினாள்.

"இந்த இடத்தைத் திருப்பிப் போடுங்கோ. என்ர மூச்சை எடுத்திட்டீங்களே?"

"நான் கைவைக்கேல்லை. நீதான் முகத்தை அங்கால திருப்பி மூச்சு எடுத்திருக்கிறாய்." கீதனின் குரலில் வாத்தியாரின் பெருமை. "அந்த நேரத்திலயும் மைக்கை மறக்கேல்லை, பார். உதுதான் ப்ரொஃபெஷனல்."

நிலாணி ஹெட்போனைக் கழற்றினாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கக் கிடைத்த கடைசி நேரத்தில் அவள் வேறு பக்கம் திரும்பியிருக்கிறாள். மைக்குக்காக.

"அழியுங்கோ."

"விசரே உனக்கு? இதை விட்டா உனக்கு வேற பாட்டே இல்லை."

"அழிச்சிட்டுப் புதுசா எடுங்கோ."

கீதன் ஆங்கிலத்தில் சில வார்த்தைகள் சொல்லிவிட்டு, கம்பியூட்டரில் இருந்ததை அழித்தான். பாரிஸ்காரருக்குக் கிடைத்த இதயங்களை அழிக்க வழியில்லை.

கிற்றார் தொடங்கியது. நிலாணி முதல் வரியைப் பாடினாள். அதைத் திருப்பிப் பாட வேண்டிய இடத்தில் பாடவில்லை. மைக்குக்கு நேரே நின்று மூச்சு விட்டாள். மூக்கடைத்த, இடையில் முறிகிற மூச்சு. அந்த வரி முழுவதும் கிற்றார் தனியே நடந்தது. பிறகு மூன்றாவது வரி வந்தது.

நாளைக்கும் வேலையெல்லோ, ஆர் உங்களை எழுப்பிறது...

"ரெண்டாம் தரம் பாடேல்லையே?" என்றான் கீதன்.

"அவருக்கு முதல் தரமே கேக்கும்."

அவன் திரையைப் பார்த்தான். "மூச்சுச் சத்தம் பெரிசாக் கிடக்கு. கிளீன் பண்ணட்டோ?"

"வேண்டாம். இப்பிடியே வெளியால விடுங்கோ."

கீதன் ஒருமுறை போட்டுக் கேட்டான். இந்தமுறை அயர்ன் பண்ணின சேட்டு அவன் வாயில் வரவில்லை. பிறகு மைக்கைக் கழற்றித் துடைத்து, அதன் பெட்டிக்குள் கிடத்தி மூடினான். அடுத்த நாள் வோபர்னில் ஒரு செத்தவீடு இருந்தது.