ஒரு மாடிக்காக நிறுத்திய லிப்ட்

தையல்காரம்மா வீட்டு லேப்டாப்புக்கு உடம்பு சரியில்லை என்பது அந்தக் கட்டடத்தில் கீழ்வீடு முதல் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி வரை எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவளேதான் பரப்பிக்கொண்டிருந்தாள். பேண்ட்டைக் குட்டையாக்க வந்தவர்கள், ஜிப் மாற்ற வந்தவர்கள், ஜன்னல் திரைக்கு அளவு சொல்ல வந்தவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்துக்கொண்டே, "உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?" என்பாள். டேப்புக்குள் மாட்டிக்கொண்ட மனிதர் எங்கே ஓடுவார்?

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கீழ்வீட்டு நர்ஸ், அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்த்தவர் என்ற ஒரே தகுதியில் வைரஸ் என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார். பழசையெல்லாம் அழி என்றார்கள், அழித்தாள். பிரவுசரையே தூக்கிவிட்டு வேறொன்றைப் போடு என்றார்கள், அதுவும் ஆயிற்று. எதைத் திறந்தாலும் அதே வெள்ளைப் பக்கம், 'இணைக்க முடியவில்லை' என்ற அதே வரி. வைஃபை விளக்கோ எனக்கென்ன வந்தது என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

வைத்தியம் எதுவும் சொல்லாத ஒரே ஆள் அவள் வீட்டுக்காரர்தான். ஆயுசு முழுக்க லிப்ட் பழுதுபார்த்துவிட்டு, லிப்ட்டே இல்லாத கட்டடத்தில் வந்து குடியிருப்பவர் அவர். முட்டி வலியோடு படியேறும்போதெல்லாம் யாராவது கேலி செய்யத்தான் செய்வார்கள். கண்டுகொள்ள மாட்டார். மற்ற விஷயத்தில் வாயே திறக்காதவர், லிப்ட் என்று ஆரம்பித்தால் மட்டும் கேட்பவருக்குக் காது புளித்துவிடும்.

"ஒரு மாடிக் கதவு மட்டும் கோளாறுன்னு வைங்க," என்பார், கையில் காய்கறிப் பையோடு நிற்பவரை நிறுத்தி வைத்து. "அந்த மாடி மட்டும் நிக்காதுன்னு போர்டு மாட்டுனா என்ன ஆகும்? ஏறுறவன் பூரா அந்தப் பட்டனத்தான் அமுக்கிப் பாப்பான். அதனால மொத்தமா நிறுத்திடணும். 'பழுது'ன்னு ஒரே போர்டு. லிப்ட்டத் திட்டிக்கிட்டே படியேறிப் போயிடுவாங்க. ஒருத்தனும் விழமாட்டான்."

தையல்காரம்மா இதைப் பல தடவை கேட்டு, காதில் வாங்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

லேப்டாப் மகள் விட்டுவிட்டுப் போனது. அந்தக் கதையையும் கட்டடம் அறியும். கல்யாணமான மறுவருஷம் மகள் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். கழுத்தில் சுற்றிய துணியை வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. அம்மாக்காரி அந்தத் துணியைப் பார்த்தாள், அதற்குக் கீழே இருந்ததையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போ, எல்லாம் சரியாயிடும்," என்று பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வண்டி ஏற்றிவிட்டாள். அப்பாக்காரர் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. சில மாதங்களில் மகள் தானாகவே அவனை விட்டுவிட்டு வேறு தேசத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். அம்மா நம்பர் என்றால் எடுப்பதில்லை.

மிச்சமிருந்தது மகள் இணையத்தில் படங்கள் போடும் அந்த ஒரு பக்கம்தான். வீட்டில் இருவர் கையிலும் பட்டன் போன். ஆகவே காலை வேலை முடிந்ததும் லேப்டாப் முன்னால் வந்து உட்காருவாள். ஜன்னலோரம் ஒரு செடி, மழையில் நனைந்த செருப்பு, வேலை செய்யும் கடை வாசலில் மகள். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், இவள் சட்டையைப் பார்ப்பாள். தோள் தையல் கைப்பக்கம் இறங்கியிருந்தால் மெலிந்துவிட்டாள் என்று அர்த்தம். அடுத்த படத்தில் அது சரியாக உட்கார்ந்திருந்தால் அன்று முழுக்க மிஷினோடு சேர்ந்து முணுமுணுத்துப் பாடுவாள்.

அதுவும் போயிற்று. லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோகலாம் என்றால், "நானே ஒருநாள் பாக்கறேன், விடு," என்பார் லிப்ட்டுக்காரர். அந்த ஒருநாள் வருவதாக இல்லை. நூல் வாங்க அவரைத் தூரத்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரனை வீட்டுக்கே வரவழைத்தாள்.

அவன் வந்தான், உட்கார்ந்தான். ஏதோ இரண்டு இடத்தில் அமுக்கியவன் முகத்தைச் சுளித்தான்.

"அக்கா, வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா?"

"அவரும் நானும்தான் தம்பி. ஏன்?"

"இங்க ப்ராக்ஸின்னு ஒரு சுவிட்ச் இருக்கு பாருங்க. இது ஆன்ல இருந்தா பிரவுசர் நேரா வெளிய போகாது. வேற ஒரு கதவு வழியா சுத்திப் போகப் பாக்கும். இங்க அந்தக் கதவே கிடையாது. முட்டிக்கிட்டு நிக்கும். நீங்க எத்தன பிரவுசர் மாத்தினாலும் இதேதான்."

"அது எப்படி ஆன் ஆச்சு?"

"தானா ஆகாதுக்கா." காதைச் சொறிந்தான். "போன மாசம் பெரியவர் ஒருத்தர் கடைக்கு வந்தாரு. வீட்டுல பசங்க கண்டதையும் பாக்கறாங்க, எதுவுமே திறக்காம பண்ண ஒரு வழி சொல்லுன்னாரு. நான்தான் இந்த சுவிட்ச்சக் காட்டுனேன். லிப்ட்டு வேலை பாத்தவராம், அரை மணி நேரம் லிப்ட்டப் பத்தியே பேசினாரு."

தையல்காரம்மா ஊசி குத்திவைக்கும் பஞ்சுத் திண்டில் இருந்த ஊசிகளை நேராக்கினாள். ஏற்கெனவே அவை நேராகத்தான் இருந்தன.

"ஆமா, அவருக்கு அதவிட்டா வேற பேச்சு கிடையாது," என்றாள்.

அவன் சுவிட்ச்சை அணைத்துவிட்டுப் போனான். கதவைச் சாத்தியதும் வந்து உட்கார்ந்தாள். மழை வருமா என்று சொல்லும் பக்கம் திறந்தது. படங்கள் போடும் இடமும் திறந்தது. அங்கே ஒரு படத்தில் எதிர்வீட்டுக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். மகள் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்.

'இந்தப் பக்கம் இப்போது இல்லை.'

எழுத்தை விட்டுவிட்டோமோ என்று மறுபடி அடித்தாள். இத்தனை நாளாக 'இணைக்க முடியவில்லை' என்ற வரியைப் பார்த்து எரிச்சல்தான் பட்டிருக்கிறாள். அது இயந்திரம் சொன்ன வரி. இது மகள் மூடிய கதவு.

அந்த மாடி மட்டும் நிக்காதுன்னு போர்டு மாட்டுனா என்ன ஆகும்? காதில் வாங்காமல் விட்ட பேச்சு இப்போது ஒவ்வொரு வார்த்தையாக வந்து நின்றது.

இந்த வரியை அவர் எப்போது பார்த்திருப்பார்? போன மாதம் கடைக்கு வந்தார் என்றானே கடைக்காரன். போன மாதம்தான் மாப்பிள்ளையும் வந்திருந்தான். இதே நாற்காலியில் உட்கார்ந்து, திருந்திவிட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒரே ஒரு தடவ அவ முகத்தப் பாத்துக்கறேன் அத்தை," என்றான். இவளும் மனசு இளகி லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். கடை வாசலில் மகள் நிற்கும் படத்தில் அவன் கண் வெகுநேரம் நின்றது. "கொஞ்சம் பெருசாக்குங்க," என்றான். முகத்தைப் பார்க்கத்தான் என்று நினைத்து இவள்தான் பெரிதாக்கிக் கொடுத்தாள். மகளின் தலைக்கு மேலே கடையின் பெயர்ப்பலகை இருந்தது. தெருவின் பெயரும் இருந்தது.

அன்றைக்கு இவள் கண்ணில் பட்டது தோள் தையல் மட்டும்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முட்டி வலிக்காரரின் நடை, ஒவ்வொரு படிக்கும் ஒரு யோசனை. அவள் கடைக்காரன் காட்டிய இடத்துக்குப் போனாள். சுவிட்ச்சை மறுபடி போட்டாள். வெள்ளைப் பக்கம் வந்ததும்தான் மிஷினுக்குத் திரும்பினாள்.

அவர் நூல்கண்டுகளை மேஜைமேல் வைத்தார். கண் லேப்டாப்பைத் தொட்டுவிட்டு வந்தது.

"யாராவது வந்தாங்களா? கீழ கடைக்காரன் போறதப் பாத்தேன்."

"வந்தான். அவனுக்கும் தலையும் புரியல, வாலும் புரியலயாம். பழைய மிஷினு, அப்படித்தான் இருக்கும்னுட்டுப் போயிட்டான்."

"அப்படியா," என்றார். காதுவரை ஏறியிருந்த அவர் தோள்கள் மெல்ல இறங்கின. துணி தைக்கிறவளின் கண்ணிலிருந்து அது தப்புமா? "வேற ஆளப் பாக்கலாம்."

"பாக்கலாம்."

அவர் தண்ணீர் குடித்தார். அவள் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டே, நேரம் போகாமல் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஏங்க, ஒரு மாடிக்காக மொத்த லிப்ட்டையும் நிறுத்துவீங்களே, அத திரும்ப எப்ப விடுவீங்க?"

இத்தனை வருஷத்தில் லிப்ட்டைப் பற்றி அவளாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"அந்த மாடிக் கதவு சரியான பிறகுதான்."

"ஆகலன்னா?"

லிப்ட் என்றால் அரை மணி நேரம் பேசுகிறவர், இப்போது டம்ளரை மட்டும் கீழே வைத்தார். பிறகு பக்கத்தில் வந்து, அவள் மடியிலிருந்து வழுக்கிக்கொண்டிருந்த துணியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் மிஷினை ஓட்டினாள். ஜிப் தலைகீழாகத் தைபட்டுக்கொண்டிருந்தது. இருவர் கண்ணிலும் அது படவில்லை.