தடை வட்டத்துக்குள் ஒரு வண்டி

வேறொரு கிரகத்தில் தன் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்த வண்டியை, நாற்காலியை விட்டு எழாமலேயே கட்டிப்போட்டேன். ஒரு வட்டம் போட்டேன், அவ்வளவுதான்.

வண்டிக்கு வழி தேடித் தருவது எங்கள் மென்பொருள். போக வேண்டிய இடத்தைச் சொல்லி, போகக் கூடாத இடங்களைப் படத்தில் வட்டமிட்டுக் காட்டினால், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். வண்டியின் ஒரு சக்கரம் ஏற்கெனவே கிழிந்திருந்ததால், கூரான பாறைகளுக்கு வட்டம் போடும் மகத்தான பணி என்னிடம் வந்தது. கடமை உணர்ச்சி பொங்கியதில் ஒரு பாறைக்குக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டேன். உள்ளே வண்டியும் மாட்டிக்கொண்டது.

மென்பொருள் யோசித்தது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் தடைப்பகுதியில்தான் நகர வேண்டும். ஆகவே நகரவே கூடாது. அன்றைய திட்டம்: நிற்பது. மறுநாள் திட்டம்: தொடர்ந்து நிற்பது. ஆபத்து: அறவே இல்லை. இவ்வளவு பாதுகாப்பான வாரத்தைப் பார்த்ததே இல்லை என்று மேலிடம் எங்களைப் பாராட்டியது.

கல்லக்கா மட்டும் பாராட்டவில்லை. எங்கள் பாறை ஆராய்ச்சியாளர் அவர். அந்தப் பெயரை வைத்த பெருமையும் என்னையே சாரும். அவர் கேட்டிருந்த வெள்ளைக் கல், வண்டிக்கு எதிரே கூப்பிடு தூரத்தில் கிடந்தது. புழுதிக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. புழுதி மூடி வெயில் மங்கினால், சூரிய ஒளியில் ஓடும் வண்டி உறங்கிவிடும், எழுந்திருக்குமா என்பது சந்தேகம். அடுத்த வண்டி போவதற்குள் அக்கா ஓய்வு பெற்றிருப்பார்.

குழுத் தலைவரிடம் போனேன்.

"வட்டத்தச் சின்னதாக்கிடலாம்ணே. ஆனா அந்தப் பாறை நெஜமாவே பின்சக்கரத்த ஒட்டித்தான் இருக்கு. நகத்துனா இன்னொரு சக்கரமும் கிழியலாம். செய்யட்டுமா, வேணாமா?"

"நல்ல கேள்வி தம்பி," என்று காபியை ஊதினார். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு."

பாதுகாப்புக் குழுவிடம் போனேன்.

"நாங்க வேணாம்னு சொல்லலையே!" என்றார்கள்.

"அப்போ செய்யலாமா?"

"செய்யலாம்னும் சொல்லலையே!"

கடைசியில் கல்லக்காவின் அறை. மேசை நிறையக் கல். உட்காரும் நாற்காலியிலும் கல். அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்த வட்டத்தப் போட்டது நான்தான்."

"தெரியும்டா. அவ்ளோ பெரிய மனசு வேற யாருக்கு இருக்கு இங்க?"

"எடுத்தா சக்கரம் போயிடுமோன்னு பயமா இருக்குக்கா. ஒரு கல்லுக்காக வண்டிய நொண்டியாக்கலாமா? யாரக் கேட்டாலும் மழுப்புறாங்க. நீங்களாவது சொல்லுங்க."

அவர் திரையைப் பார்த்தார். வண்டி அன்று காலை அனுப்பிய படம். நேற்று வந்ததும் இதே படம்தான். வெளிச்சம் மட்டும் இன்று ஒரு பிடி குறைவு.

"சக்கரம் அநேகமா கிழியும்," என்றார். "போய்ப் பார்த்தா அது ஒண்ணுத்துக்கும் ஆகாத கல்லாவும் இருக்கலாம். ஆனாலும் போகணும். எடுடா வட்டத்த."