சவுனாவில் பெட்ரோல்

எங்கள் ஊரில் கட்சிகள் இரண்டு. தேர்தலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பனி வாரும் எந்திரத்தைக் கோடையில் சும்மா நிறுத்தும்போது டாங்கியைக் காலி செய்து வைக்கவேண்டும் என்பது ஒரு கட்சி. கழுத்துவரை பெட்ரோல் நிரப்பி, கெடாமலிருக்க மருந்து கலந்து வைக்கவேண்டும் என்பது மற்றது. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் ஆறு மாதம் பனியில் கிடக்கும் எங்களுக்குக் கடவுள்கூட இதற்கு அப்புறம்தான்.

நிரம்பிய டாங்கிக் கட்சியின் தலைவர் அர்வோ கெட்டூலா. பள்ளிப் பேருந்துகளை முப்பது வருடம் பழுது பார்த்தவர். ஒவ்வோர் அக்டோபரிலும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், காபிக்கும் ஏலக்காய் ரொட்டிக்கும் நடுவே, உரை நிகழ்த்துவார். இம்முறை தன் எந்திரத்தையே கொண்டுவந்து வாசலில் ஒரே இழுப்பில் கிளப்பிக் காட்டினார்.

"பாத்துக்குங்க. இதுக்குப் பேருதான் பராமரிப்பு."

கைதட்டினோம். காபி ஆறிக்கொண்டிருந்தது.

வீடு திரும்பும்போது மழை. எந்திரம் நனையக்கூடாதென்று கொல்லையிலிருந்த சவுனாவில், அதாவது அடுப்பு மூட்டி வியர்க்கும் குளியல் குடிலில், உடை மாற்றும் வெளியறையில் நிறுத்தினார். டாங்கியிலிருந்து பெட்ரோல் இறங்கும் குழாயின் திருகை மூடவில்லை. உரையில் அந்தத் திருகுக்கு மட்டும் கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்.

அவர் மனைவி ஹெல்மிக்கு விரல் மூட்டுகளில் வாதம். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. சனிக்கிழமை சவுனாவின் சூட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் புதன்வரை விரல் மடங்கும். இல்லையென்றால் கரண்டி பிடிக்கவும் ஆள் வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை அடுப்பு மூட்டத் தீப்பெட்டியோடு சவுனாக் கதவைத் திறந்த ஹெல்மி அப்படியே நின்றார். பக்கத்து வீட்டுக்காரனான நான், வாராந்திர ஓசிக் குளியலுக்குத் துண்டோடு பின்னால் வந்தேன். வாசலிலேயே மூக்கு எரிந்தது.

"அர்வோ! இங்க வா. பெட்ரோல் பங்க் தொறந்திருக்கியா?"

அர்வோ வந்து முகர்ந்தார். "லேசா வாடை. என் எந்திரம் ஒழுகாது, ஹெல்மி. மழை ஈரத்துக்கு அப்படித்தான் இருக்கும்."

"ஏன், மழையில பெட்ரோலா பெஞ்சுது?"

மூடியைத் திறந்தோம். டாங்கியின் அடி தெரிந்தது.

"கட்சி மாறிட்டீங்க போல," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

எந்திரத்தை வெளியே தள்ளினோம். பூனைக்குப் போடும் மண், சமையல் சோடா, காபித்தூள், எல்லாம் கொட்டினோம். நான்கு நாள் கதவும் ஜன்னலும் திறந்தே கிடந்தன. வாடை காபி குடித்த தெம்போடு உட்கார்ந்திருந்தது.

ஐந்தாம் நாள் அர்வோ தொலைபேசியை மூன்று முறை எடுத்து வைத்துவிட்டு, நான்காம் முறை வெய்க்கோவைக் கூப்பிட்டார். வெய்க்கோ ஊரின் தன்னார்வத் தீயணைப்புத் தலைவர். காலி டாங்கிக் கட்சிக்கும் தலைவர். வந்தார், குனிந்தார், பலகை இடுக்கில் விரலை விட்டு முகர்ந்தார்.

"கீழ மரத்தூளா?"

"குளிர் ஏறக்கூடாதுன்னு அப்பா ஒரு முழம் கொட்டினாரு."

"அம்புட்டும் குடிச்சிருக்கு. இங்க தீக்குச்சி கிழிச்சா கூரை பாதிரியார் வீட்டுல போய் இறங்கும்."

"இன்னைக்கே பலகையப் பேத்துர்றேன்."

"அடுப்பும் செங்கல் மேடையும் அதும்மேலதானப்பா உக்காந்திருக்கு? சுவரையும் சேத்துப் பிரிக்கணும். வசந்தத்துல பாக்கலாம். அந்த எந்திரத்தையும் கிளப்பிராத. எஞ்சின் ஆயில்லயும் பெட்ரோல் எறங்கியிருக்கு, மோந்து பாரு."

வெய்க்கோ ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அர்வோவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. போகும்போது, "சனிக்கிழம எங்க சவுனாவுக்குக் கூட்டிட்டு வா. ஹெல்மிக்காக," என்றார்.

வெள்ளி இரவு தொடங்கிய பனி சனி மதியத்தில் இடுப்பளவு. ஊரின் பனி வாரும் வண்டி சாலையை வாரி, வாரியதையெல்லாம் அர்வோவின் வாசலில் சுவராகக் கட்டிவிட்டுப் போயிற்று. கார் நகர வழியில்லை. என்னிடம் எந்திரம் கிடையாது. என் வாசலையும் இத்தனை வருடம் அர்வோதான் வாரினார். வெய்க்கோவைக் கூப்பிட்டோம். காலையிலிருந்தே விபத்து, விழுந்த மரம் என்று அலைகிறாராம்.

நானும் அர்வோவும் மண்வாரி எடுத்து இறங்கினோம். இரண்டு மணி நேரத்தில் என் முதுகு கைவிட்டது. உள்ளே போனேன். ஹெல்மி கோட்டும் தொப்பியுமாக ஜன்னலோரம் நின்றார். கோட்டுக்குப் பொத்தான் மாட்டிவிட்டது காலையில் நான்தான். கைகளை அக்குளில் இடுக்கியிருந்தார்.

வெளியே அர்வோ வாரி எறிந்துகொண்டேயிருந்தார். எறிந்த இடத்தை ஏரிக்காற்று திரும்ப நிரப்பியது. பாதையில் அவருடைய பழைய அடிச்சுவடுகூட மிஞ்சவில்லை.

"இன்னும் எவ்வளவு?" என்றார் ஹெல்மி.

ஜன்னல் கண்ணாடியின் ஆவியைத் துடைத்துக் காட்டினேன்.

"அவன் நிறுத்த மாட்டான். சரி, நீ வா. இந்தப் பொத்தானையெல்லாம் அவுத்து விடு."